முதலில் கம்பளத்தின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். கூடம் 11க்கு 16 அடி. பக்கத்துக் கட்டடம் மறைப்பதால் வெயில் அதிகம் வராது. கிருகப்பிரவேசத்துக்கு என் அண்ணன் 5க்கு 8 அடி அளவில் ஒரு கம்பளிக் கம்பளம் வாங்கித் தந்தார். இரண்டாவது மழைக்காலத்தில் அதிலிருந்து பழைய ரப்பரும் ஈரச் சாக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நாற்றம் கிளம்பியது. சோபாவை நகர்த்திப் பார்த்தபோது அடியில் திட்டுத்திட்டாக ஓட்டை விழுந்திருந்தது. தரையில் வெள்ளை மாவு போல ஏதோ உதிர்ந்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டோம். இப்போது பொங்கலுக்குள் வேறு வாங்க நினைக்கிறோம். கடையில் அதே அளவுக்குப் பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழைக் கம்பளம் 9,500 ரூபாய், கம்பளி 42,000 ரூபாய் என்கிறார்கள். கம்பளியின் பின்புறம் அழகாகத் துணி ஒட்டித் தைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா, எப்போதும் இயற்கையானதுதான் நல்லது என்கிறாள். என் நாத்தனார், பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் விரிப்பதா என்று கேட்கிறாள். வீட்டில் மூன்று வயது மகன் இருக்கிறான். மாமியாருக்கு 74 வயது, மூட்டுவலியும் இளைப்பும் உண்டு. கூடத்திலேயே ஒரு மூலையில் பூஜை அலமாரி இருக்கிறது. செயற்கையானதை வாங்குவது தவறா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூடத்துக்கும் செம்பூரின் காற்றுக்கும் செயற்கை இழைக் கம்பளமே பொருந்தும். அதை வாங்குவதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பழைய கம்பளத்தைப் பார்த்து நீங்கள் கம்பளியின்மேல் சுமத்தியிருக்கும் குற்றத்தில் பாதிக்குமேல் கம்பளியுடையது அன்று. அது யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால், 9,500 ரூபாய்க்கும் அதே தொல்லையை வாங்கி வர வாய்ப்பிருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையாக அந்தப் பழைய கம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் மூன்று அடையாளங்கள் தந்திருக்கிறீர்கள்: ரப்பர் கலந்த நாற்றம், வெள்ளை மாவு, சோபாவுக்கு அடியில் ஓட்டை. இவற்றில் முதல் இரண்டும் அண்ணன் வாங்கித் தந்தது ‘டஃப்டெட்’ என்று வணிகத்தில் சொல்லப்படும் வகை என்பதைக் காட்டுகின்றன. விரித்துக் கட்டிய பருத்தித் துணியில், துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் கம்பளி நூலை வரிசையாகக் குத்திச் செருகிக்கொண்டே போவார்கள். செருகிய நூலைப் பிடித்து வைக்க அங்கே முடிச்சு எதுவும் கிடையாது. பின்னால் லேடெக்ஸ் என்னும் ரப்பர் பசையைக் கனமாகப் பூசி, அந்தப் பசை வெளியே தெரியாமலிருக்க இன்னொரு துணியை ஒட்டி, ஓரத்தைத் தைத்துவிடுவார்கள். பசையின் செலவைக் குறைக்கவும் எடையைக் கூட்டவும் அதில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலப்பது வழக்கம். வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும்போது லேடெக்ஸ் நொறுங்கி, கலந்த தூள் தனியே பிரிந்து, நடக்கும்போதெல்லாம் துணியின் வழியே தரையில் இறங்கும். நீங்கள் பார்த்த வெள்ளை மாவு அதுதான். நாற்றத்தின் பெரும்பங்கும் அந்தப் பசையிலிருந்து வந்ததே. மேலே கம்பளி இருந்தாலும் செயற்கை இழை இருந்தாலும் இந்தப் பின்புறம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது அடையாளத்தில் கம்பளிக்குப் பங்கு உண்டு. ஓட்டை போட்டது அந்துப்பூச்சியின் புழுவாகவோ கம்பள வண்டின் புழுவாகவோ இருக்க வேண்டும். கம்பளி, நம் தலைமயிரைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. பெரும்பாலான உயிர்களுக்குச் செரிக்காத அந்தப் புரதத்தைச் செரிக்கும் திறன் இந்தப் புழுக்களுக்கு இருக்கிறது. இருட்டாகவும் யாரும் கலைக்காததாகவும் இருக்கும் இடத்தையே அவை தேடும். கூடத்தின் நடுவே ஆள் நடமாடிய பகுதி தப்பித்ததும் சோபாவின் அடி அகப்பட்டதும் அதனால்தான். பாலிப்ரொப்பிலீனும் நைலானும் அவற்றுக்கு உணவாகா. செயற்கைக் கம்பளத்துக்கு நான் தயங்காமல் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். கடையில் காட்டிய 42,000 ரூபாய்க் கம்பளியின் பின்புறத்தில் அழகாகத் துணி ஒட்டியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அதுவும் டஃப்டெட். அண்ணன் தந்ததன் தங்கை. ‘கையால் செய்தது’ என்று கடையில் சொல்லியிருப்பார்கள். கருவியைக் கையில் பிடித்துச் செய்ததால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளம் வேறு இனம். அதில் ஒவ்வொரு நூல்துண்டும் பாவு நூலைச் சுற்றி முடிச்சிடப்பட்டிருக்கும். பசையும் ஒட்டுத்துணியும் இருக்கமாட்டா. திருப்பிப் பார்த்தால் முன்புறத்துக் கோலம் முழுவதும் பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரியும். காஷ்மீரிலும், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்திலும் அப்படி நெய்கிறார்கள். பதோஹிக் கம்பளம் 2010-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அத்தகைய கம்பளம் ஒழுங்காகப் பேணினால் ஒரு தலைமுறையைத் தாண்டி இருக்கும். உங்கள் முன் இருந்த போட்டி, அந்த இனத்துக் கம்பளிக்கும் செயற்கைக்கும் இடையில் நடக்கவில்லை. பசையில் நிற்கும் கம்பளி ஒருபுறம், இயந்திரத்தில் நெய்த பாலிப்ரொப்பிலீன் மறுபுறம். இந்தப் போட்டியில் நான்கு மடங்குக்கு மேல் பணம் கொடுத்துக் கம்பளியை எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

முடிச்சிட்ட கம்பளியாகவே இருந்தால் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இழை என்ற அளவில் கம்பளியின் மேன்மையை நான் மறுக்கவில்லை. அதன் இயல்பான சுருட்டலால், மிதித்தாலும் மீண்டும் நிமிர்ந்துகொள்கிறது, எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், தொட்டால் ஈரமாகத் தெரியாமலே தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். குளிர்நாட்டிலும் தில்லியின் உலர்ந்த குளிர்காலத்திலும் இந்தக் கடைசிக் குணம் பெரிய வரம். மும்பையில் அதே குணம்தான் சுமையாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையே இங்கே சராசரியாக 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஜூலையில் காற்றின் ஈரப்பதம் நாள் முழுவதும் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். பத்துக் கிலோ கம்பளி அந்தக் காற்றிலிருந்து, யாரும் ஒரு சொட்டு நீரும் சிந்தாமலே, ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். வெயில் வரும் வீட்டில் அவ்வப்போது அது வெளியேறும். உங்கள் கூடத்தில் நான்கு மாதமும் அது உள்ளேயே இருக்கும். ஆகவே நல்ல கம்பளியையும் இந்தக் கூடத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அக்கா சொல்வது கோயம்புத்தூரில் சரியாகவே இருக்கும். அந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் காற்று உலர்ந்தது. அங்கே வாழும் ஒருவருக்குக் கம்பளி கெட்டுப்போகும் என்ற எண்ணமே தோன்றாது. ஊர் மாறினால் பொருளின் நியாயமும் மாறும் என்று அவரிடம் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

இனிச் செயற்கைக்கு வருவோம். கடைக்காரர் காட்டிய பாலிப்ரொப்பிலீன் உங்களுக்குப் புதிய பொருளே அன்று. சிமென்ட் மூட்டையின் சாக்கு, ஊரில் கோரைப் பாயின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிளாஸ்டிக் பாய், வாளிக்குக் கட்டும் கயிறு எனப் பலவும் இதே பொருள்தான். 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நட்டாவின் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1957-இல் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தது. நூலுக்குச் சாயம் தோய்ப்பதற்குப் பதிலாக, உருக்கிய குழம்பிலேயே நிறத்தைக் கலந்து இழையாக இழுப்பதால், நிறம் இழையின் உள்வரை ஓடியிருக்கும். கழுவினால் எளிதில் போகாது. நீரை அது ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. காப்பி கொட்டினாலும் குழந்தை சிறுநீர் கழித்தாலும் இழைக்குள் எதுவும் இறங்குவதில்லை. இழைகளுக்கு இடையில்தான் நிற்கும். உடனே ஒற்றி எடுத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

இதிலிருந்து, ‘செயற்கைக் கம்பளத்தில் பூசணமே பிடிக்காது’ என்று சில கடைகளில் ஒரு படி மேலே போய்ச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இழையில் பிடிக்காது என்பது உண்மை. இழைகளுக்கு நடுவே சேரும் தூசி, உணவுத் துணுக்கு, நம் உடலிலிருந்து உதிரும் தோல்துகள் ஆகியவற்றில் தாராளமாகப் பிடிக்கும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: இயந்திரத்தில் நெய்த பாலிப்ரொப்பிலீன் கம்பளங்கள் பலவற்றில் மேலே தெரிவது மட்டுமே பாலிப்ரொப்பிலீன், குறுக்கே ஓடும் ஊடை நூல் சணலாக இருக்கும். கனமும் விறைப்பும் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சணலைப் போடுகிறார்கள். சணல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், நனைந்து மெதுவாகக் காய்ந்தால் பழுப்புக் கறை விடும், பூசணமும் பிடிக்கும். மேலே செயற்கை, கீழே சணல் என்றால் மும்பைக்கு அது பொருந்தாத கூட்டணி.

எனவேதான், கடையில் எந்தக் கம்பளத்தைக் காட்டினாலும் கோலத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பின்புறத்தில் மண்நிறத்தில் சாக்கு நூல் போலத் தெரிந்தால் சணல், வைத்துவிடுங்கள். துணி ஒட்டியிருந்தால் பசைக் கதை, அதையும் வைத்துவிடுங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ வழுவழுப்பான நூலால் பின்னியிருந்தால் அது பாலியெஸ்டராகவோ பாலிப்ரொப்பிலீனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கையில் எடுக்கலாம். பிறகு கம்பளத்தின் ஒரு பகுதியைப் பின்பக்கமாக மடக்கி, முன்புறத்து இழைகள் எவ்வளவு பிளக்கின்றன என்று பாருங்கள். அடித்துணி பளிச்சென்று வெளியே தெரிந்தால் இழை நெருக்கம் போதாது. கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால், சோபாவின் காலுக்கும் மாமியாரின் நாற்காலிக்கும் கீழேயும் அது அப்படியேதான் நிற்கும்.

பாலிப்ரொப்பிலீனின் பெரிய குறை அந்தப் பள்ளம்தான். மிதிபட்டால் படுத்துக்கொள்ளும்; கம்பளியைப் போல எழுந்து நிற்காது. நூலை முறுக்கி, வெப்பத்தில் அந்த முறுக்கை நிலைநிறுத்திய ‘ஹீட்-செட்’ வகை இதில் ஓரளவு மேல். தோற்றத்திலும் கம்பளிக்கு அருகில் இருக்கும். அதையே கேளுங்கள். உயரமான பஞ்சு போன்ற இழை வேண்டாம். 6 முதல் 8 மில்லிமீட்டருக்குள், நெருக்கமாக நெய்தது போதும். அப்படிப்பட்டதுகூட, தினமும் ஆள் நடமாடும் கூடத்தில் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நடைபாதை தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடுவதைத்தான் என் தொழிலில் கண்டிருக்கிறேன். இருபது ஆண்டு வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, நீடித்து உழைக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. செயற்கை இழைகளில் மிதியைத் தாங்கி நிமிர்வதில் நைலானுக்கு நிகர் வேறில்லை. தனிக் கம்பளமாக அது குறைவாகவே கிடைக்கும். அலுவலகங்களிலும் விடுதிகளிலும் சுவருக்குச் சுவர் விரிக்கும் கம்பளச் சுருள்களை விற்கும் கடைகளில், சுருளின் கடைசியில் மிஞ்சிய துண்டுகள் இருக்கும். 5க்கு 8 அடியில் ஒரு துண்டை வெட்டி, நான்கு ஓரமும் ஓவர்லாக் அடித்துத் தரச் சொன்னால் செய்து தருவார்கள். பூவேலைப்பாடு எதுவும் இருக்காது. அடக்கமான நிறங்களே கிடைக்கும். எனக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை.

பாலியெஸ்டர் பார்க்கப் பளபளப்பாகவும் தொட மென்மையாகவும் இருக்கும். படுக்கையறைக்குச் சரி, கூடத்தின் மிதியில் சீக்கிரம் சடை பிடிக்கும். ‘ஆர்ட் சில்க்’, ‘மூங்கில் பட்டு’ என்ற பெயர்களில் வருவன பெரும்பாலும் விஸ்கோஸ். அது மரக்கூழிலிருந்தோ மூங்கில் கூழிலிருந்தோ எடுக்கும் இழை. நனைந்தால் தன் வலுவில் பாதியளவை இழந்துவிடும். தண்ணீர் பட்ட இடம் மஞ்சளாகும். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சந்தேகம் இருந்தால், கடைக்காரரின் அனுமதியோடு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வெளியே கொண்டுபோய்ப் பற்றவைத்துப் பாருங்கள். கம்பளி மயிர் கருகும் வாடை அடித்துக் கையில் நொறுங்கும் சாம்பலாகும். விஸ்கோஸும் பருத்தியும் காகிதம் எரியும் வாடை தரும். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர், நைலான் மூன்றும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

அந்த உருகும் குணத்தை உங்கள் பூஜை அலமாரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 முதல் 165 பாகை செல்சியஸில் உருகிவிடும். இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கு வைக்கும் சூடு அதைவிட அதிகம். ஊதுபத்தியின் கங்கு அதைவிடப் பல மடங்கு. கம்பளியில் ஊதுபத்தி விழுந்தால் கருகிய புள்ளியைச் சுரண்டி எடுத்துவிடலாம். இதில் விழுந்தால் பள்ளமாக உருகி இறுகிவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. விளக்கு சாய்ந்தால் ஆபத்தும் கூடுதல். கம்பளத்தின் ஓரம் அலமாரியிலிருந்து குறைந்தது மூன்று அடியாவது தள்ளியிருக்கட்டும். கார்த்திகைத் தீபத்தன்றும் கொலுவின்போதும் கம்பளத்தைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். தீயைப் பொறுத்தவரை கம்பளியே மேலானது. இந்த ஓர் இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்தே விட்டுக்கொடுங்கள்.

மாமியாரின் இளைப்புக்கு வருகிறேன். இங்கே இரு தரப்பு வணிகர்களும் மிகையாகப் பேசுவார்கள். கம்பளி ஒவ்வாமையை வரவழைக்கும் என்று ஒருவர் சொல்வார். செயற்கை இழை மூச்சுக்கு நல்லது என்று இன்னொருவர் சொல்வார். வீட்டுத்தூசியில் இளைப்பைத் தூண்டும் முக்கியக் காரணிகளில் ஒன்று தூசி உண்ணி என்னும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். அதன் உணவு நம் தோல்துகள்; அதற்கு வேண்டியது ஈரக்காற்று. மேலே எந்த இழை என்பதை அது பார்ப்பதில்லை. மும்பையின் மழைக்காலம் அதற்குத் திருவிழா. ஆகவே அவர் படுக்கும் அறையில் எந்தக் கம்பளமும் வேண்டாம். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வெறுந்தரையே அவருக்கு உகந்தது. கூடத்தில் விரிப்பது குட்டை இழையாக இருந்தால், வாரம் இருமுறை வேக்கும் கிளீனரால் இருபுறமும் உறிஞ்சுவது எளிது. அந்த வேலையை அவர் உள்ளறையில் இருக்கும்போது செய்யுங்கள். அவருக்குப் பார்க்கும் மருத்துவர் கூடத்திலும் வேண்டாம் என்றால், நான் இதுவரை எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மூட்டுவலி உள்ளவருக்கு இழையைவிட ஓரம்தான் எதிரி. வழவழப்பான டைல் தரையில் எடை குறைந்த பாலிப்ரொப்பிலீன் எளிதில் வழுக்கும். புதிதில் ஓரங்கள் சுருண்டு நிற்கும். கம்பளத்தைவிட எல்லாப் பக்கமும் ஓரங்குலம் சிறியதாக, வழுக்காத ரப்பர் கலந்த அடிவிரிப்பு ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். கம்பளத்தின் ஒரு நீளப்பக்கத்தைச் சோபாவின் முன்கால்கள் அழுத்திப் பிடிக்கும்படி போடுங்கள். அவர் அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி கம்பளத்தின்மேல் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். இரவில் எழுந்து நடப்பவரை நினைத்து அந்த வழியை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள்.

மகனைப் பற்றிய கவலைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக் கம்பளத்தில் வரும் வாடை பெரும்பாலும் பின்புறத்துச் செயற்கை லேடெக்ஸிலிருந்து ஆவியாகும் பொருளால் வருவது. நாட்கள் போகப்போகக் குறைந்துவிடும். வாங்கியதும் கூடத்தில் விரிக்காமல், பால்கனியில் ஒரு வாரம் காற்றாட விடுங்கள். பொங்கலுக்குள் வாங்க நினைப்பது இந்த வகையில் நல்ல காலம். ஜூலையில் வாங்கியிருந்தால் காற்றாட விடவே வழியிருந்திருக்காது.

நம் வீட்டுக் கறைகளில் பாலிப்ரொப்பிலீனுக்குக் காப்பி பகை அன்று, எண்ணெய்தான் பகை. நீரை விலக்கும் இழை எண்ணெயை அணைத்துக்கொள்ளும். தலையில் எண்ணெயோடு குழந்தை உருளும் இடமும், சமையலறையிலிருந்து வெறுங்காலோடு வரும் வழியும் மெல்லக் கறுக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைச் சில துளிகள் வெதுவெதுப்பான நீரில் கலந்து துடைத்து, பிறகு வெறும் நீரால் இருமுறை துடையுங்கள். சோப்பு தங்கினால் அதுவே அழுக்கை இழுக்கும். சாம்பார் கொட்டினால் எண்ணெயை இப்படி நீக்கிவிட்டு, மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடலாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். கம்பளியில் இவ்வளவு எளிதில் தப்ப முடியாது; மஞ்சள் அதற்குச் சாயமாகவே ஏறிவிடும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், மும்பையில் சொல்வதுபோல் ‘பாயி’யிடம், இதையெல்லாம் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். ‘பாயை’ச் சுருட்டச் சொன்னால் அவர் திகைக்கக்கூடும் என்பதால் ‘கார்ப்பெட்’ என்றே சொல்லலாம்.

நாத்தனாரின் கேள்வியைத் தட்டிவிட முடியாது. பாலிப்ரொப்பிலீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தூக்கிப் போட்டால் மண்ணில் எளிதில் மக்காது. தேயும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் வீட்டுத்தூசியில் சேரும். பின்புறத்தில் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் மறுசுழற்சியும் கடினம். இவை அனைத்தும் உண்மை. ஆனால் நீங்கள் இரண்டே மழைக்காலத்தில் தூக்கிப் போட்ட அந்தக் கம்பளியும், பசையோடும் துணியோடும் போன குப்பைதான். இந்த வாதத்துக்கு நான் தரக்கூடிய நேர்மையான விடை ஒன்றே: சிறியதாக வாங்குங்கள், நீண்டநாள் வைத்திருங்கள். 11க்கு 16 அடிக் கூடத்தில் சோபாவுக்கு முன் 4க்கு 6 அடிகூடப் போதும். 40 சதுர அடி 24 ஆகக் குறைகிறது. குளியலறைக்குப் போகும் வழியும் தானே விலகிவிடும்.

அவளுக்கு அதுவும் ஒப்பவில்லை என்றால், பவானி ஜமக்காளம் ஒன்றை வாங்கி விரித்துப் பாருங்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற அது பெரும்பாலும் பருத்தி. அந்துப்பூச்சிக்கும் அதில் பெரிய நாட்டமில்லை. இருவர் சேர்ந்து பிழிந்து காயவைத்துவிடலாம். கம்பளத்தின் மெத்தென்ற தன்மை அதில் இல்லை, மழைக்காலத்தில் காயவும் நேரமெடுக்கும். ஆனால் மடித்து அலமாரியில் வைக்க முடிவதால் ஜூன் முதல் நான்கு மாதத்துக்குக் கூடத்தை வெறுந்தரையாக விட்டுவிடலாம். வாங்கும்போது பருத்தி நூலாகவே கேளுங்கள். செயற்கைப் பட்டு நூலில் நெய்ததும் உண்டு.

பாலிப்ரொப்பிலீனையே எடுத்தால், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதன் ஒரு பாதியை மடித்துப் போட்டு, மின்விசிறிக் காற்று அடிப்புறத்திலும் தரையிலும் படும்படி ஒரு மணி நேரம் விடுங்கள். மறுநாள் மற்றப் பாதியை அப்படிச் செய்யுங்கள். தரையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் கம்பளத்தை அதன்மேல் விரிக்க வேண்டாம். முழுதாகக் கழுவுவதை அக்டோபர் வெயிலுக்கு ஒத்திப்போடுங்கள். மொட்டைமாடியில் சாய்வாகக் கிடத்தித் தண்ணீர் அடித்து, கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டால் இழை மாலைக்குள் காய்ந்துவிடும். பின்புறம் காய மறுநாள் ஆகும். மேலே தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று கீழே கொண்டுவந்துவிடாதீர்கள். திருப்பிப் போட்டு, பின்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.